தர்மகர்த்தா ஆவது எப்படி?

உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறுமுன் படிக்க வேண்டிய கையேடு

பொதுக் காரியத்தில் ஒரு பதவி வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுதான் வரும். அச்சகத்தில் நம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்று விழிப்போம். சம்பந்தி பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற தாசில்தார்' என்று இருக்கும். நம் பெயருக்குக் கீழே வெறும் மஞ்சள் தாள்தான் இருக்கும்.

கவுன்சிலர் ஆகலாம் என்றால் ஓட்டு வேண்டும். நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் இயக்குநர் ஆகலாம் என்றால், காஞ்சிபுரத்தில் அதற்கும் ஓட்டு வேண்டும். அதோடு தறியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டு கேட்காமல், டெபாசிட் கட்டாமல், ஊர் பார்க்க மாலை விழும் பதவி ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் கோயில் அறங்காவலர் பதவி.

இதற்கான பயிற்சிக் கூடமாக நான் மாகறலைச் சிபாரிசு செய்கிறேன். காரணம் பாதைதான். காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினால் நடுவில் சேயாற்றங்கரையில் மாகறல் வரும். ஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. பஸ் புறப்படும் ஊரில் தறி இருக்கிறது, போய்ச் சேரும் ஊரில் கல்வெட்டு இருக்கிறது, நடுவில் மாகறலில் ஒரு பலாப்பழக் கதை இருக்கிறது. பதவிக்குப் போகிறவர் படிக்க வேண்டிய பாடப் புத்தகங்கள் இவை மூன்றும்தான். ஒரே டிக்கெட்டில் முடிந்துவிடும்.

நான் எந்தக் கோயிலிலும் தர்மகர்த்தாவாக இருந்ததில்லை. இருந்தவர்களைத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தவன். இந்த விஷயத்தில் அதுவே பெரிய தகுதி.

படி 1: பதவியின் பெயரைப் பழகுங்கள்

ஊரில் தர்மகர்த்தா என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் அறங்காவலர். இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் மீசை கொஞ்சம் பெரிது.

ஆங்கிலத்தில் சொன்னால்தான் சம்பந்தி மதிப்பார் என்று நினைத்தால் 'ட்ரஸ்ட் போர்டு மெம்பர்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் போர்டு என்றதும் நம் ஜனங்களுக்கு நினைவு வருவது மின்சார வாரியம். கரண்ட் போன ராத்திரிகளில் அந்தச் சொல்லோடு சேர்த்து வேறு சில சொற்களும் புழக்கத்தில் உண்டு. எனவே யோசித்துப் போடுங்கள்.

கோயில்களுக்கும் போர்டுகளுக்கும் உறவு பழையது. 1817-ல் கம்பெனி அரசாங்கம் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டுச் சென்னை மாகாணத்துக் கோயில்களை வருவாய் வாரியத்தின் பார்வையில் வைத்தது. அந்நிய மதக் கோயில்களை ஒரு கிறிஸ்தவ அரசு நிர்வகிப்பதா என்று சீமையில் கூச்சல் எழவே, 1863-ல் கையைக் கழுவி உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்தார்கள். நீதிக்கட்சி ஆட்சிக்காலத்து முயற்சியால் வந்த 1927-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து அறநிலையங்களுக்கென்றே தனி வாரியம் அமைத்தது. 1951-ல் வாரியம் போய் இலாகா வந்தது. இப்போது நடப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி இலாகாவுக்கு அடியில் கோயிலுக்குக் கோயில் ஒரு குட்டி வாரியம் இருக்கிறது. அதில் உட்காரத்தான் நாம் இத்தனை பாடுபடப் போகிறோம்.

வாரியம் என்பது சர்க்கார் கண்டுபிடித்த சொல் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் உத்திரமேரூர் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சொல் கல்லில் இருக்கும்.

படி 2: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டாலும் பயப்படாதீர்கள்

சட்டம் கேட்கும் தகுதிகளில் முக்கியமானவை மூன்று. தெய்வ நம்பிக்கை வேண்டும். நன்னடத்தையும், குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ மதிப்பும் வேண்டும். கோயில் காரியங்களைக் கவனிக்க நேரமும் அக்கறையும் வேண்டும்.

முதலாவதை யாரும் அளக்க முடியாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் கிடைக்கும். பக்திச் சான்று கொடுக்க இன்னும் கவுண்டர் திறக்கவில்லை. அதனால் நெற்றியில் விபூதியை மூன்று விரல் அகலத்துக்கு இட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வியர்வையில் கரைந்துவிடும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மதிப்பு. நீங்கள் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றால் அது மரியாதை என்று முடிவு கட்டாதீர்கள். அதுவரை பேச்சு யாரைப் பற்றி நடந்தது என்று டீ ஆற்றுகிறவரிடம் தனியாக விசாரியுங்கள்.

மூன்றாவது, நேரம். இதை வீட்டில் கேட்டால் தெரியும். "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா நேரமில்லே, கோயிலுக்கு மட்டும் எங்கேருந்து வந்துது?" என்ற கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்ட பிறகு விண்ணப்பம் வாங்குங்கள்.

தகுதிகளைவிடத் தகுதியின்மைகள்தான் ஆளை வீழ்த்தும். திவாலானவர் ஆக முடியாது. ஒழுக்கக் கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஆக முடியாது. கோயிலுக்கு எதிராக வழக்காடும் வக்கீல் ஆக முடியாது. கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும், கோயில் சொத்தில் குத்தகையோ ஒப்பந்தமோ வைத்திருப்பவரும் ஆக முடியாது. நம்மவர்கள் வழுக்கி விழுவது இந்தக் கடைசிப் படியில்தான். எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். இப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்தது.

"மாமா, தர்மகர்த்தாவுக்கு அப்ளிகேஷன் போடலாம்னு இருக்கேன்."

"போடு மாப்ளே. கோயில் கடைக்கு வாடகை கட்டிட்டியா?"

"பதினாலு மாசம்தான் பாக்கி."

"முதல்ல அதைக் கட்டு. சாமி மன்னிச்சிடும், ஆடிட்டு மன்னிக்காது."

"கட்டிட்டா ஆச்சா?"

"ஆகாதாம். கடையே உன் பேர்ல இருக்கக் கூடாதாம்."

"அவ்ளோதானே? மச்சான் பேருக்கு மாத்திடறேன்."

இந்த மாப்பிள்ளையை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதிவைத்தார்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய சாசனங்கள் அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று விதித்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கடைசி மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கள்ளக் கையெழுத்து இட்டவர் வரக்கூடாது, கழுதை மேல் ஏற்றப்பட்டவர் வரக்கூடாது. கழுதைச் சவாரி அந்தக் காலத்துத் தண்டனை. இந்தக் காலத்தில் அதற்குப் பதிலாகப் பேட்டி எடுத்துவிடுகிறார்கள்.

இவற்றுக்கு நடுவில் ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயுடன் பிறந்தவர், தகப்பனுடன் பிறந்தவர், மாமனார், சகோதரியின் கணவர், மருமகன், தகப்பன், மகன் என்று கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்காரும் அத்தனை பேரும் வரக்கூடாது. 'மச்சான் பேருக்கு மாத்திடறேன்' என்ற வாக்கியத்துக்கு இவ்வளவு விரிவான பதிலை நான் வேறு எந்தச் சட்டத்திலும் பார்த்ததில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அது பிராமண சபை. நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்குள் நடந்த ஏற்பாடு. உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அந்த வாரியத்தில் இடம் இல்லை. அந்த விஷயத்தில் இன்றைய சட்டம் கல்லைத் தாண்டிவிட்டது. மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட அறங்காவலர் குழுவில் ஒருவர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'மனைவிக்கு வந்த பதவியில் நான் போய் உட்காருவது எப்படி?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கையேட்டில் பதில் இல்லை. அவர்கள் கூட்ட அறைக்கு வெளியே காத்திருக்கலாம். கோயில் திண்ணை குளிர்ச்சியாக இருக்கும்.

படி 3: விண்ணப்பம் போடுங்கள்

கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஒட்டிய தாளை மழை, ஆடு, சினிமா போஸ்டர் மூன்றுக்கும் முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும். இதற்காகவாவது கோயிலுக்கு அடிக்கடி போய் வாருங்கள். தெய்வ நம்பிக்கை என்ற தகுதியும் போகிற போக்கில் நிறைவேறிவிடும்.

யார் நியமிக்கிறார்கள் என்பது கோயிலின் வருமானத்தைப் பொறுத்தது. சட்டம் கோயில்களை ஆண்டு வருமானப்படி பிரித்து வைத்திருக்கிறது. 10,000 ரூபாய்க்குக் கீழே ஒரு வகை, பிறகு 2 லட்சம் வரை, 10 லட்சம் வரை, அதற்கு மேல் என்று போகும். வருமானம் ஏற ஏற நியமிக்கும் கையும் மேலே போகும். சின்னக் கோயிலுக்கு உதவி ஆணையர், பெரிய கோயிலுக்கு அரசாங்கமே. ஆகவே எந்தக் கோயில் என்பதைப் பக்தியால் தீர்மானிக்காமல், யாரைத் தெரியும் என்பதால் தீர்மானிக்கிற பழக்கம் ஊரில் உண்டு. 'இன்னார் நல்லவர், நமக்கு வேண்டியவர்' என்று ஒரு கடிதம் வாங்கி, அது போதாதென்று இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால் சமாதானம் செய்ய மூன்றாவது ஒன்று. கடைசியில் எல்லா விண்ணப்பத்திலும் மூன்று கடிதம் இருக்கும். மறுபடி எல்லாரும் சமம்.

உத்திரமேரூரில் இந்தச் சிரமத்தைக் குடம் தீர்த்துவைத்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்றே அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது. விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதாம். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) அனைவரும் வாசிக்க வேண்டும். கிரேக்கத்தில் ஏதென்ஸ்காரர்கள் இதே வேலைக்குக் கல்லில் துளை போட்டு ஒரு யந்திரமே செய்துவைத்திருந்தார்கள். உள்ளங்கையை நம்பாமல் விரலை விரிக்கச் சொன்ன நம்மவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது. மனிதனை அவ்வளவு அருகில் இருந்து பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

சிபாரிசுக் கடிதத்தைக் குடத்துக்குக் கொடுக்க முடியாது. வாங்கிக்கொள்ளும், படிக்காது.

படி 4: பதவி ஏற்பு

நியமன உத்தரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது செய்ய வேண்டியவை.

ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கச் சொல்லுங்கள். நீங்களே அடித்ததாகத் தெரியக் கூடாது. 'அன்பு நண்பர்கள்' என்று கீழே போட்டால் போதும். உங்கள் படம் மூலவர் படத்தைவிடப் பெரிதாகிவிடாமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில ஃபிளெக்ஸ்களில் சாமிதான் உங்களுக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

பரிவட்டம் கட்டும்போது தலையை ஆட்டாதீர்கள். அது வெறும் துணி. ஆனால் அந்தத் துணிக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன ஊர்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் எட்டு நாள், பத்து நாள், இன்னும் மேலே தறியில் உட்கார்ந்து ஒரு புடவை நெய்பவர் தலையில் யாரும் பட்டு கட்டிப் பார்த்ததில்லை. பதவி ஏற்கும் நாளில் இதை நினைத்துக்கொண்டால் தலை தானாகக் குனியும். மாலை போடுகிறவருக்கும் சௌகரியம்.

அடுத்தது தலைவர் தேர்தல். குழுவில் இருப்பவர்களே தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பேர் குழுவில் மூவரும் தத்தமக்கே ஓட்டுப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். காபி ஆறிப்போகும்.

படி 5: கூட்டத்தில் உட்காருவது எப்படி?

மாலை ஒரு நாள், கூட்டம் பல நாள். இதைப் பல பேர் தெரிந்துகொள்ளும்போது உத்தரவு கைக்கு வந்திருக்கும்.

கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் இருக்கும். அதிலிருந்து முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களை வாசிப்பார்கள். சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடுவது எளிது. எதற்குப் போட்டோம் என்று படித்துவிட்டுப் போடுவது கஷ்டம், நேரம் ஆகும், எதிரே உட்கார்ந்திருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும். அந்தக் கடிகாரம் ஓடுவதற்குத்தான் 'நேரம் இருக்கிறது' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தீர்கள்.

வருமானம் உள்ள கோயில்களில் செயல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவர் சம்பளம் வாங்குகிறவர், நீங்கள் வாங்காதவர். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், நீங்கள் ஊரிலேயே இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் ஆகாமல் போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனால் பட்டுப் புடவையில் கோர்வை என்று ஒன்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தனித்தனி நாடா ஓட்டி, ஊடைக்கு ஊடை கோர்த்து நெய்வது. நெய்பவர் பக்கத்தில் கரை நாடா ஓட்ட இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் இருவரும் பிரிக்க வேண்டும். கோர்வை பிடித்த புடவையில் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். செயல் அலுவலர் உடல் என்றால் நீங்கள் கரை. கரைதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதற்காக உடல் இல்லாமல் கரையை மட்டும் கட்டிக்கொண்டு ஊர்வலம் போக முடியாது.

படி 6: கணக்கு

இந்தப் படியில் வாசகர்களில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள் என்று தெரியும். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

உங்கள் கையில் மூன்று புத்தகங்கள் வர வேண்டும். வராவிட்டால் கேட்க வேண்டும். ஒன்று, கோயில் சொத்துப் பதிவேடு. நிலம், மனை, நகை, விக்கிரகம், பாத்திரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு, வரவு செலவுத் திட்டம். மூன்று, தணிக்கை அறிக்கை. இதில் மூன்றாவது மிகவும் மெலிதாக இருக்கும். அதன் ஆட்சேபணைகளை மட்டும் படித்தால் போதும். நல்ல துப்பறியும் நாவலைவிட விறுவிறுப்பாகப் போகும்.

காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்குகிறவர்களைப் பாருங்கள். நல்ல ஜரிகை என்றால் நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். அவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பு தெரிந்தால் சரி, செம்பு தெரிந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கோயில் கணக்குக்கும் இதே கைதான் வேண்டும். கும்பாபிஷேக நோட்டீஸின் பளபளப்பில் மயங்காமல், 'உபயதாரர் கொடுத்த எண்ணெய் டின் எத்தனை, எரிந்தது எத்தனை?' என்று ஒரே ஒரு இடத்தில் சுரண்டுங்கள். சிவப்பா செம்பா என்று தெரிந்துவிடும்.

நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, மாற்றிக்கொள்ளவோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி இல்லாமல் முடியாது. முடியும் என்று யாராவது உங்கள் தோளில் கை போட்டுச் சொன்னால், முதலில் அந்தக் கையை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் அலட்சியமாக இருந்து கோயிலுக்கு நஷ்டம் வந்து, அது தணிக்கையில் வெளிப்பட்டால், அந்தத் தொகையை அறங்காவலரிடமிருந்தே வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. சம்பளம் இல்லாத வேலையில் அபராதம் மட்டும் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குத்தான் உத்திரமேரூர்க்காரர்கள் கணக்குக் காட்டாதவரின் மருமகனைக்கூட விடாமல் தடுத்தார்கள். ஊர்ப் பணத்தை எடுத்தவன் பெயரைவிட, எடுத்ததைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் எப்போதும் நீளமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

படி 7: இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம்: இல்லை.

பதவிக் காலம்: இரண்டு வருஷம். முதல் ஆறு மாதம் வாழ்த்து வாங்குவதிலும், கடைசி ஆறு மாதம் அடுத்த முறைக்கு அலைவதிலும் போகும். நடுவில் ஒரு வருஷம் மிஞ்சும். உத்திரமேரூர் வாரியத்தாருக்கு மொத்தமே 360 நாள்தான். தோட்ட வாரியத்தில் 12 பேர், ஏரி வாரியத்தில் 6 பேர் என்று பிரித்துக்கொண்டு அந்த 360 நாளில் ஊரைப் பார்த்தார்கள். தப்பு செய்தவரை நடுவிலேயே இறக்கிவிடவும் ஏற்பாடு இருந்தது.

தரிசனம்: வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் நீங்கள் வரிசையைத் தாண்டிப் போகும்போது வரிசையில் நிற்பவர்கள் சாமியை நினைக்காமல் உங்களை நினைப்பார்கள். என்ன நினைப்பார்கள் என்பது உங்கள் கற்பனைக்கு.

பெயர்: கும்பாபிஷேகக் கல்வெட்டில் வரும். கிரானைட்டில் தங்க எழுத்து. ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதிலும் வரும். வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் முக்கால்வாசி உங்கள் பெயரே இருக்கும். கீழே உட்கார்ந்து தேவாரம் படிக்கிற பெரியவர் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார்.

உறவு: இதுவரை தெரியாத உறவுக்காரர்கள் தெரியவருவார்கள். கோயில் மண்டபம் கல்யாணத்துக்கு வேண்டும், வாடகை குறைக்க வேண்டும், பையனுக்கு மடப்பள்ளியில் வேலை வேண்டும் என்று வருவார்கள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். பழகிவிட்டால் பழையபடி உறவுக்காரர்கள் குறைந்துவிடுவார்கள். அதுவும் ஒரு வரவுதான்.

கடைசியாக ஒன்று கிடைக்கும். அதை நோட்டீஸில் போட முடியாது. பிரதோஷத்தன்று மாலை கோயிலில் எல்லா விளக்கும் எரிகிறது, எண்ணெய் இருக்கிறது, தளிகை நேரத்துக்கு ஆகிவிட்டது, குத்தகை நெல் வந்துவிட்டது என்று தெரிந்து, தூணோரமாக நின்று பார்க்கிற கால் மணி நேரம். யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக நடக்கும்போது தர்மகர்த்தா யார் என்று யாரும் கேட்பதில்லை.

படி 8: இறங்குவது எப்படி?

பலாப்பழக் கதை சொல்வதாகச் சொன்னேன். மாகறலில் இறங்குங்கள்.

பிரம்மன் வைத்த ஒரு பலாமரம் இங்கே இருந்ததாம். தினம் ஒரு பழம் கொடுக்கும். அந்தப் பழத்தைச் சிதம்பரத்துக்குச் சுமந்துபோய் நடராஜருக்குப் படைத்து, பிரசாதத்தை ராஜேந்திர சோழனிடம் கொண்டு சேர்ப்பது ஊர் வழக்கம். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு சுமந்தார்கள். ஒரு நாள் ஒரு சின்னப் பையன் வீட்டு முறை வந்தது. ஊர் இத்தனை கஷ்டப்படுவது இந்த மரத்தால்தானே என்று யோசித்த பையன், மரத்துக்கே நெருப்பு வைத்துவிட்டான். ராஜா கோபித்துக்கொண்டு அவனை நாடு கடத்தப் போனார். திரும்பும் வழியில் பொன் உடும்பு ஒன்று கண்ணில் பட, சேவகர்கள் துரத்த, அது புற்றுக்குள் நுழைந்தது. அதன் வால்தான் இந்தக் கோயிலில் லிங்கமாக இருக்கிறது என்பது தலபுராணம்.

நான் இந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பையனைத்தான் நினைப்பேன். பொதுப் பதவியிலிருந்து ராஜினாமா செய்த முதல் ஆள் அவன்தான். கடிதம் எழுதத் தெரியாததால் மரத்தைக் கொளுத்தினான். அவன் வயதில் அது புரிகிறது. நம் வயதில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி செய்யலாம். சாவிகளை எண்ணிக் கொடுங்கள். பதிவேட்டில் உள்ள நகையை எடை போட்டுக் காட்டுங்கள். பாக்கிக் கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வருகிறவர் உங்களுக்கு ஆகாதவராக இருந்தால் இரண்டு முறை எண்ணிக் கொடுங்கள்.

அச்சகத்துக்கு மறுபடி போக வேண்டிய நாள் வரும். இளைய மகள் கல்யாணம். 'முன்னாள் அறங்காவலர்' என்று போடலாமா என்று அச்சகக்காரர் கேட்பார். போடுவதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். மாகறலிலிருந்து சிதம்பரம் போவதும் வருவதும் அந்தக் காலத்தில் எத்தனை நாள் நடை என்று யோசித்துப் பாருங்கள். பழம் வழியில் பழுத்துவிடாமல், நசுங்காமல், நாய் நரிக்குப் பறிகொடுக்காமல், முறை தவறாமல் எத்தனை பேர் சுமந்திருப்பார்கள். தலபுராணத்தில் மரத்தை எரித்த பையன் இருக்கிறான், உடும்பு இருக்கிறது, ராஜா இருக்கிறார். சுமந்தவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அந்தப் பையன் வீட்டு முறை வரும்வரை, பழம் ஒரு நாள்கூட தில்லைக்குப் போகாமல் இருந்ததில்லை.